ஒரே அச்சு, நாலு அட்டை

"முதல் பதிப்பு சார் இருக்காரா?"

போன செவ்வாய்க்கிழமை காலை போனை எடுத்ததும் ஒரு பெண்குரல் இப்படித்தான் கேட்டது. வீட்டில் எனக்கு வேறு சில பெயர்கள் உண்டு. அவற்றை இந்தப் பத்திரிகையில் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் 'முதல் பதிப்பு சார்' — கேட்கும்போதே காது குளிர்ந்தது. "நான்தான் பேசுகிறேன்" என்றேன், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. அறிஞர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதுவரை சாயா குடித்துவிட்டு வரலாம்.

இங்கே கொச்சியில், பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் என் சிநேகிதர் அஷ்ரஃப் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். போன மாதம் அவரிடம் ஒரு புத்தகம் வாங்கினேன். உள்ளங்கை அகலம். பச்சைத் துணி அட்டை, முதுகில் பொன் எழுத்து, தாள்களின் ஓரமெல்லாம் பொன் பூச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஒரு பஞ்சாலை ஊரில் அச்சானது. பதிப்பகத்தின் பெயர் ஹார்க்கர் அண்ட் சன். உள்ளே இருப்பது மாதிரிக் கடிதங்கள். மழையில் குடை கொடுத்து உதவிய பெண்மணிக்கு ஓர் இளைஞன் எழுதும் கடிதம். ஓயாமல் பாடும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு குடித்தனக்காரர் எழுதுவது. வேலையை விட்டு அனுப்பிய சமையல்காரிக்கே நற்சான்று எழுதிக் கொடுப்பது... வாழ்க்கையில் எந்தச் சங்கடம் வந்தாலும் அதற்கு ஒரு கடிதம் தயார்.

"சாரே, இது ஃபர்ஸ்ட் எடிஷன் ஆக்கும்" என்றார் அஷ்ரஃப்.

"எப்படித் தெரியும்?"

"செகண்ட் எடிஷன்னு எங்கயாவது போட்டிருக்கா? நோக்குங்க."

நோக்கினேன். போடவில்லை. எவ்வளவு உறுதியான தர்க்கம்! இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளாத காரணத்தால் நானும் ஒரு முதல்தர மாப்பிள்ளைதான். புத்தகத்தை வாங்கிவந்து, அதைப் பற்றி இதே பக்கத்தில் தம்பட்டம் அடித்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தம்பட்டம் அடிப்பதற்காக அந்தப் பதிப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. படிக்கப் படிக்க அந்த மனிதர் ஹார்க்கரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பெரிய இலக்கிய லட்சியம் எதுவும் இல்லாத ஆள். சந்தைகளில் கைவண்டி போட்டுப் புத்தகம் விற்று மேலே வந்தவர். ஆலைத் தொழிலாளி கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், மீனுக்கும் ரொட்டிக்கும் நடுவே ஒரு புத்தகத்தையும் வாங்கவைக்க வேண்டும் — அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எழுத்துக் கோப்பதுதானே செலவு? ஒருமுறை கோத்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே உலோகத் தகடாக வார்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் தகட்டை எடுத்து மையைத் தடவி அச்சடிக்க வேண்டியதுதான். அவர் காலம், மகன் காலம், பேரன் காலம் வரை அதே தகடுகள் ஓடின. மாறியது அட்டை மட்டும். சந்தையில் விற்கத் தாள் அட்டை. கப்பலேறிக் கடல் கடந்து போகிறவர்களுக்குச் சிவப்புக் காகித அட்டை. கொஞ்சம் வசதியான வீடுகளுக்குத் துணி அட்டை. பள்ளிக்கூடங்களில் பரிசு கொடுக்கப் பொன் ஓரம். நம் வீடுகளில் ஒரே மாவு முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கு மறுநாள் வெங்காயத்தோடு ஊத்தப்பம் ஆகிறதல்லவா? அந்தக் கணக்குத்தான்.

வருஷம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார். போட்டால் சரக்குப் பழசாகிவிடுமே. ஆகவே எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. என்னைத் தவிர.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். போனில் பேசியவர் பார்வதி மாமி. கலூரில் இருக்கிறார். பாலக்காட்டுக்காரர், கல்யாணமாகி வந்த நாள் முதல் கொச்சிவாசி. அவருடைய கணவர் விஸ்வநாதன் இங்கே மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியை வெள்ளைக்காரன் விட்டுப் போனபோது மேசையில் கிடந்த ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் வாழ்நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதினார்.

"அதே புஸ்தகம்தான் சார். நீங்க எழுதினேளே, அதே ஹார்க்கர். எங்காத்து அட்டை சிவப்பு. நீங்க எழுதினதைப் பார்த்ததும் பத்திரிகை ஆபீஸ்ல கேட்டு உங்க நம்பரை வாங்கினேன்."

விஸ்வநாதனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மாமி அழாமல் சொன்னார். பலரிடம் பலமுறை சொன்ன விஷயம் என்று குரலிலேயே தெரிந்தது.

"பேச்சு போனதுகூடப் பரவாயில்லை. ஆமாவும் இல்லையும் போயிடுத்து, மனசிலாச்சா? காப்பி வேணுமான்னு கேட்டா தலையாட்டறார். வேண்டாமான்னு கேட்டாலும் தலையாட்டறார். டாக்டர் அப்படித்தான் ஆகும்னுட்டார். படம் போட்ட அட்டை ஒண்ணு தந்தா. வாழைப்பழம், தம்ளர், கட்டில்னு... அதைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிண்டார். நான் என்ன எல்.கே.ஜி.யாங்கற மாதிரி."

"பிறகு?"

"பின்னே ஒருநாள் அவரா அந்தப் புஸ்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரியில விரலை வெச்சார். 'அறையில் காற்றோட்டம் போதவில்லை'ன்னு வீட்டுக்காரனுக்கு எழுதற லெட்டராக்கும் அது. ஃபேன் நின்னிருந்தது. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது... இவர் இனிமே இப்படித்தான் பேசுவார்னு."

அவரால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறதா என்பது டாக்டருக்கே நிச்சயமில்லையாம். ஆனால் எந்தக் கடிதம் புத்தகத்தின் எந்தத் தடிமனில் இருக்கிறது, எந்த வரி பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். இடது கைக் கட்டைவிரலால் சர்ரென்று தள்ளி நிறுத்துவார். சரியாக நிற்கும்.

பிறகு மழைக்காலம் வந்தது. சிதல் வந்தது. (கறையான் என்று எழுதினால் எங்கள் ஊர்க் கறையான்களுக்கே புரியாது.) அலமாரியின் பின்பக்கமாக வந்து, மற்ற எதையும் தொடாமல், அந்த ஒரு புத்தகத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று.

மகன் கணேஷ் பெங்களூரில் இருக்கிறான். இணையத்தில் தேடி அதே புத்தகத்தின் புது அச்சு ஒன்றை வரவழைத்து அனுப்பினான். பெரிய எழுத்து, பளபளவென்று அட்டை. விஸ்வநாதன் ஆசையாகத் திறந்தார். கட்டைவிரல் நின்ற இடத்தில் வேறு ஏதோ கடிதம் இருந்தது. மறுபடி தள்ளினார். அங்கேயும் வேறு. மூடித் தள்ளிவைத்தவர், பிறகு அதைத் தொடவே இல்லை.

"இப்ப கணேஷ் ரெண்டு பேரையும் பெங்களூருக்கே வந்துடுங்கோங்கறான். நல்ல மனசோடதான் கூப்பிடறான். சனிக்கிழமை வண்டி எடுத்துண்டு வரானாம். இந்த வாடகை வீட்டையும் விட்டுடணும். நான் என்ன பதில் சொல்லட்டும் சார்? இவர்கிட்ட கேட்டா தலையாட்டறார். போலாமான்னாலும் ஆட்டறார், வேண்டாமான்னாலும் ஆட்டறார். இவர் மனசு தெரியாம இவரைப் பெட்டி மாதிரித் தூக்கிண்டு போக என்னால முடியாது. ஒரே ஒரு நாள் உங்க புஸ்தகத்தைத் தந்தேள்னா..."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன சொல்லியிருப்பான்? 'வாங்கம்மா, எடுத்துக்கொள்ளுங்கள்' என்றிருப்பான். ஆனால் அவர் போன் செய்தது சாதாரண மனிதனுக்கு இல்லையே, முதல் பதிப்பு சாருக்கு அல்லவா?

"உங்களுடையது சிவப்பு அட்டை. அது மலிவுப் பதிப்பு. என்னுடையது முதல் பதிப்பு. பதிப்பு வேறென்றால் பக்கங்களும் வேறாக இருக்கும். உங்களுக்குப் பயன்படாது" என்றேன் வருத்தத்தோடு. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். தகடு மாறவே இல்லை என்று நானே தேடிப் படித்து, நானே அச்சில் எழுதியிருந்தது, அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தான் எழுதியதைத் தானே படிக்காத ஒரே வாசகன் நான்தான்.

"அப்படியா... சரி சார்" என்று மாமி போனை வைத்துவிட்டார்.

என் மனைவி சபீனா வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா உங்ககிட்ட எடிஷனா கேட்டாங்க?"

"உனக்குப் புரியாது. பக்கம் மாறிவிடும்."

"திறந்து பாத்தீங்களா?"

"எதற்கு? முதல் பதிப்பு என்றால்..."

"கொடுக்க மனசு வரல. அதுக்கு எடிஷன்னு ஒரு பேரு. செரி, விடுங்க."

இந்த 'செரி, விடுங்க'வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் விட்டதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இருந்தது, புளி இருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் காலை வாசலில் ஒரு மாமி. கையில் பிஸ்கட் டின். கலூரிலிருந்து பஸ் மாறி, கொச்சங்காடி வளைவில் இறங்கி, பத்திரிகையில் எழுதுகிறவர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். வழி காட்டியவர்கள் என்னைப் பற்றி வேறென்ன சொன்னார்களோ தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

"பதிப்பு வேறேன்னு சொன்னேள். எனக்குப் பதிப்பெல்லாம் தெரியாது. ஒரு தடவை வெச்சுப் பார்த்துடலாம்னு வந்தேன். சேரலேன்னா போயிடறேன்" என்று டின்னைத் திறந்தார்.

உள்ளே சிதல் தின்று மீந்த சில தாள்கள். ஓரமெல்லாம் சரிகை வேலைப்பாடு போல அரித்திருந்தது. மேசை மேல் ஒரு வேட்டியை விரித்து, தாள்களைத் தூக்கம் கலையாத குழந்தையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாகக் கிடத்தினார். சபீனா என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன்.

பச்சைப் புத்தகத்தில் அதே பக்க எண்ணைத் திறந்து, பக்கத்தில் வைத்தேன்.

என்ன சொல்ல? மாமியின் தாளில் ஒரு வரி எந்தச் சொல்லில் முடிந்ததோ, என் புத்தகத்திலும் அதே சொல்லில் முடிந்தது. அடுத்த வரி, அதற்கு அடுத்தது... அங்கே ஓர் எழுத்தின் தலை உடைந்திருந்தால் இங்கேயும் உடைந்திருந்தது. கண்ணாடியில் பார்த்த மாதிரி. பொன் ஓரத்துக்கும் கறையான் ஓரத்துக்கும் நடுவே ஒரே பக்கம்.

அதோடு நின்றிருந்தால் என் மானம் பாதியாவது தப்பியிருக்கும். பக்கத்தின் கீழ்மூலையில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. தகட்டில் விரிசல் விட்ட இடம். மாமியின் தாளில் அது, பக்கத்தைச் சுற்றி அச்சிட்ட ஓரக்கோட்டை வெட்டியதோடு நின்றுவிட்டது. என் புத்தகத்திலோ ஓரக்கோட்டைத் தாண்டி, வரிகளுக்குள் புகுந்து, ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்திருந்தது. விரிசல் நாளாக ஆக நீளுமே தவிரக் குறையாது. அதாவது...

"அப்போ எது பழசு?" என்றாள் சபீனா.

"அவங்களுடையது."

"உங்களோடது?"

"பிறகு வந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்க அடித்ததாக இருக்கலாம்."

"மாமி, உங்க புத்தகம்தான் மூத்தது. கேட்டீங்களா? சாயா எடுத்துக்கிடுங்க" என்று அவள் மாமிக்கு மட்டும் கோப்பையை நீட்டினாள்.

அஷ்ரஃபுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சாரே, ஃபர்ஸ்ட் எடிஷன் இல்லேன்னா லாஸ்ட் எடிஷனாயிருக்கும். அதும் ரேர் தன்னே" என்றார். இவரைப் போன்றவர்கள் இருக்கும்வரை ஜூ டவுன் அழியாது.

ஆட்டோவில் மாமியோடு கலூருக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். பதிப்பு என்றால் என்ன? என்னைப் போன்ற அலமாரிக்காரனுக்கு அது வயசு. ஹார்க்கருக்கு அது அட்டை. யார் பையில் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ற சட்டையைப் புத்தகத்துக்கு மாட்டிவிட்டார். ஆனால் உள்ளே யாருக்கும் குறைத்து வைக்கவில்லை. குடைக்கு நன்றி சொல்லத் தெரியாமல் தடுமாறும் அந்த இளைஞன், ஆலைத் தொழிலாளியின் தாள் அட்டையிலும் பரிசு வாங்கிய பிள்ளையின் பொன் ஓரத்திலும் அதே பக்கத்தில், அதே வரியில்தான் தடுமாறினான். மலிவு என்று நாம் முகம் சுளிக்கிற ஒரு வேலைக்குள் இப்படி ஒரு நேர்மை இருந்திருக்கிறது. செலவைக் குறைக்கத்தான் செய்தார், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும்...

இன்னொன்றும் தோன்றியது. நான் இப்போதெல்லாம் போனில்தான் படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் எல்லாம் எழுந்து வேறிடத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே எந்த வரிக்கும் நிலையான வீடு கிடையாது. விஸ்வநாதனுக்கு ஒவ்வொரு வரிக்கும் வீட்டு முகவரி தெரியும். புது அச்சில் திறந்து பார்த்தபோது, தெரிந்த தெருவில் எல்லா வீடுகளிலும் வேறு ஆட்கள் குடியிருந்தது போல இருந்திருக்கும். யாராயிருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பத்தானே செய்வார்கள்?

கலூரில் மூன்றாம் மாடி. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் விஸ்வநாதன் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். சட்டைப் பையில் பேனா.

"சௌக்கியமா சார்?" என்றேன். தலையாட்டினார். "தொந்தரவு செய்துவிட்டேனா?" என்றேன். அதே தலையாட்டல். முதல் பதில் உண்மையா, இரண்டாவதா? உட்காரலாமா, கிளம்பலாமா? மாமி எத்தனை மாதமாக இதைச் சமாளிக்கிறார் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது.

மாமி புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். விஸ்வநாதன் பச்சை அட்டையைப் பார்த்தார். பொன் ஓரத்தைப் பார்த்தார். திறக்கவில்லை. இடது கையால் மெதுவாகத் தள்ளி, மாமி பக்கமே நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"இதையும் தள்ளிட்டார்" என்றார் மாமி. அவ்வளவுதான் சொன்னார். பிஸ்கட் டின்னை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார். முதுகு திரும்பியிருந்ததால் முகம் தெரியவில்லை. நல்லவேளை.

"மாமி, வீட்டில் சிவப்புத் தாள் ஏதாவது இருக்கிறதா?" என்றேன்.

தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பெட்டியைச் சுற்றியிருந்த தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. நம் வீடுகளில் எந்தத் தாள்தான் குப்பைக்குப் போயிருக்கிறது? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்துக்கு அட்டை போட்டேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டது நான்தான். முதுகில் சுருக்கம் விழாமல், மூலையை உள்ளே மடித்து, ஒட்டுத்தாள் வெளியே தெரியாமல்... புத்தக உலகத்தில் எனக்கு உண்மையாகவே தகுதி உள்ள துறை இது ஒன்றுதான். பச்சைத் துணியும் முதுகுப் பொன் எழுத்தும் ஸ்வீட் தாளுக்குள் மறைந்தன. தாள்களின் பொன் ஓரத்தை மட்டும் மறைக்க முடியவில்லை; மற்றபடி வெளியே எல்லாம் சிவப்பு.

மறுபடி மடியில் வைத்தேன்.

விஸ்வநாதன் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினார். முதுகைத் தடவினார். பிறகு கட்டைவிரல் ஓரத்துக்குப் போயிற்று. சர்ரென்று தள்ளி நிறுத்தினார். திறந்தார். விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது.

எட்டிப் பார்த்தேன். ஒரு வியாபாரி எழுதுகிற கடிதம். 'தாங்கள் அனுப்புவதாக வாக்களித்த சரக்கு இதுவரை எங்களை வந்து அடையவில்லை.'

மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "காப்பி. மணி தாண்டிடுத்து" என்று சிரித்தபடியே உள்ளே ஓடினார். ஓடினார் என்பதை அந்த வயசுக்கு ஏற்றபடி நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள்.

காப்பி வந்தது. குடித்தார். தம்ளரைக் கீழே வைத்ததும் மாமி அவர் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நன்னா கேட்டுக்கோங்கோ. கணேஷ் சனிக்கிழமை வரான். நம்மளை பெங்களூருக்குக் கூட்டிண்டு போய் அவனோட வெச்சுக்கறேங்கறான். இந்த வீட்டை விட்டுடணும். உங்களுக்குப் போகணுமா, இங்கேயே இருக்கணுமா? நீங்க எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

தலை ஆடவில்லை. புத்தகம் திறந்தது. கட்டைவிரல் கொஞ்சம் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. நின்றது. விரல் பக்கத்தின் நடுவில் இறங்கியது.

நான் படித்தேன். இங்கிலீஷை மனசுக்குள் படித்துவிட்டு, தமிழில் மெதுவாகச் சொன்னேன். 'தங்கள் அன்பான அழைப்புக்கு என்றும் நன்றியுடையேன். ஆயினும் அவ்வூரின் காற்று என் மனைவியின் உடல்நிலைக்கு ஒத்துக்கொள்ளாது என்று அஞ்சுகிறேன்.'

மாமி குனிந்து அந்த வரியைத் தானும் ஒருமுறை பார்த்தார்.

"என் உடல்நிலையா?" என்றார் பிறகு. "எனக்கென்ன கேடு? கேளுங்கோ சார். ஆபீஸ்ல லீவு வேணும்னா என் வயத்துவலி. நாத்தனாராத்துக் கல்யாணத்துக்குப் போகப் பிடிக்கலேன்னா என் தலைவலி. கல்யாணமான நாள் முதலா இவர் எழுதின எந்த லெட்டர்லயும் நான் தேகசுகத்தோட இருந்ததே இல்லை. இப்ப பெங்களூருக்கும் நான்தான் கிடைச்சேனா?"

விஸ்வநாதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுக்கவில்லை.

மாமி புத்தகத்தை வாங்கி மூடினார். திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்கோ. தெரியாம விரல் பட்டிருக்கும்."

அதே பக்கம். அதே வரி. இந்த முறை விரல் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. 'எத்தனை தடவை சொல்ல' என்று கேட்கிற கணவனின் விரல். எனக்கு அந்த விரலை நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பும் நிற்கவில்லை. "எனக்கும் போக மனசில்லை சார். நான் சொன்னா, அவரைக் காட்டி என் சௌகரியத்தைப் பார்த்துக்கறேன்னு ஆயிடுமேன்னு வாயைத் திறக்கலை. இவர் பாருங்கோ, என் பேர்லயே சொல்லிட்டார்."

அங்கேயே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"கணேஷா, நாங்க வரலைடா. உன்கிட்ட கோபமெல்லாம் ஒண்ணுமில்லை. எனக்கு அந்த ஊர்க் காத்து ஒத்துக்காதாம்... யார் சொன்னாவா? அப்பா சொன்னார்."

'அப்பாவா?' என்று எதிர்முனையில் அவன் கத்தியது எனக்கே கேட்டது. 

"ஆமாண்டா. அப்பாதான் சொன்னார்."

அப்புறம் அவர்கள் ரொம்ப நேரம் பேசினார்கள். அதில் எனக்கு வேலை இல்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, புத்தகத்தை எப்போது கொண்டுவந்து தரட்டும் என்று மாமி கேட்டார். தர வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், சிதல் ஏறாத அலமாரியாகப் பார்த்து வையுங்கள் என்றேன்.

விஸ்வநாதன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் ஓரத்துக்குப் போயிற்று. அதிக நேரம் உட்கார்ந்துவிட்ட விருந்தாளிக்கும் ஹார்க்கர் ஒரு கடிதம் வைத்திருப்பார். விரல் அந்தப் பக்கத்தில் போய் நிற்பதற்குள் நான் லிஃப்டுக்குள் இருந்தேன்.